மூன்று மடிப்பு

எங்கள் வீட்டுக்கு அந்தப் பெண் வந்தபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பெற்றவர்கள் இருவரும் இல்லை. காப்பகத்தில் இருந்தவளை, அரசாங்கத்தின் வளர்ப்புக் குடும்பத் திட்டத்தில் எழுதிக் கொடுத்து அம்மா அழைத்து வந்தார். அம்மாவைப் பெரியம்மா என்பாள். என்னை அண்ணே என்பாள். கோபம் வந்தால் அதுவும் கிடையாது.

எட்டாவது வரை சீருடையைப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவதுக்கு நாங்கள்தான் தைக்க வேண்டும். துணிக்கென்று புதுக்கோட்டை குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசிலிருந்து உதவிப் பணம் வந்ததும் அம்மா தையல்கார அக்காவிடம் போனார்.

"வளர்ற புள்ளைக்கு. பன்னெண்டாவது வரைக்கும் போடணும். உள்ள நல்லா மடிச்சு விட்டுத் தைங்க."

எங்கள் வீட்டில் எல்லாத் துணியும் அப்படித்தான். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு ஐஸ் பிளாண்ட் வேலைக்குப் போனபோது என் கால்சட்டையில் இரண்டு மடிப்பு பிரிக்காமலே இருந்தது.

பள்ளி திறந்த அன்று அவள் புதுத் துணியில் வெளியே வந்தாள். சட்டையின் கை, விரல் நுனி வரை இறங்கியிருந்தது.

"ஏய், உள்ள ஆள் இருக்கா?" என்றேன். "எங்க ஐஸ் பிளாண்ட்ல தார்ப்பாய் ஒண்ணக் காணாம்னு தேடுறாய்ங்க. நீ பாத்தியா?"

"பெரியம்மா, இதுக்கு வேலவெட்டியே இல்லையா?"

அடுத்த வாரம், துணி வாங்கியாயிற்றா என்று பார்க்க ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்தார். அம்மா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். புதுச் சீருடையில் நின்றவளை மேடம் சுற்றி வந்து பார்த்தார்.

"யாரு துணிம்மா இது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என் பழைய துணிதான் மேடம். வெட்டித் தச்சாச்சு."

நான் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். டீயும் குடிக்கவில்லை.

சில நாளில் கடிதம் வந்தது. உதவி பிள்ளைக்குச் செலவாகவில்லை என்று தெரிகிறது, பிள்ளையோடு ஆபீசுக்கு வரவும், அவள் இந்த வீட்டில் தொடர்வதா என்று அங்கே முடிவாகும். எழுத்துக் கூட்டி நான்தான் படித்தேன்.

"ஒன் வாயையும் ரெண்டு மடிப்பு மடிச்சுத் தச்சிருக்கணும்டா" என்றார் அம்மா. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்த பையில் அவள் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி?"

"அங்கிட்டே வச்சுக்கிட்டாங்கன்னா? எடுக்க நேரம் குடுக்க மாட்டாங்க." காப்பகத்துக்கு ஏற்கெனவே ஒரு முறை அப்படி எதையும் எடுக்க நேரமில்லாமல் போனவள்.

ஆபீசில் அதே மேடம்தான் இருந்தார்.

"நான் வெளையாட்டுக்குச் சொன்னேன் மேடம்."

"எது வெளையாட்டு? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொல்றதா?"

காட்டுவதற்குத் தையல்கார அக்கா ரசீதும் கொடுத்திருக்கவில்லை. அம்மா எழுந்து அவள் சட்டையின் கீழ் விளிம்பைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க. இந்த மடிப்பு பத்தாவதுக்கு. இது பதினொண்ணுக்கு. இது பன்னெண்டுக்கு. அனுப்பிவிடுற நெனப்பு இருந்தா இம்புட்டுத் துணி விட்டுத் தைப்பேனா?"

மேடம் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். புதுத் துணியின் கஞ்சி இன்னும் மடிப்புக்குள் இருந்தது.

"சரிம்மா. ஆனா இப்பப் போட்டுக்கிறதும் இந்தப் புள்ளைதானே? இதப் போட்டுக்கிட்டு எப்படி ஓடும்?" என்றவர் அவளிடம் திரும்பினார். "ஒனக்கு என்னம்மா வேணும்?"

"கை மட்டும் சின்னதாக்கணும்." தொங்கிய சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "அங்கிட்டுப் போகல."

துணியை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, இன்னும் ஒரு வருடம் எங்களோடு இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு மறுபடி பார்ப்பார்களாம்.

பஸ்ஸில் அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணே, வாயப் பூட்டிட்டியா?"

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

கையைச் சின்னதாக்கியாயிற்று. கீழே மூன்று மடிப்பும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பை மட்டும் கதவுக்குப் பின்னால் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. பிரி என்று சொல்ல அம்மாவுக்கும் வாய் வரவில்லை. நானும் அதைக் கேலி செய்வதில்லை.