மருதப்பன் பிறந்த ரயில்வே கேட்

சிங்கப்பூர் ஜாலான் புசார் இரும்புக்கடையில் என்னோடு ஆணி நிறுத்துக்கொண்டிருந்த மருதப்பனுக்கு வயது முப்பத்தாறுதான். கோபம் மட்டும் நாலு பேருக்குப் பங்கு வைக்கலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் குடியுரிமைப் பதிவு தொடங்கியதும் அது இன்னும் முற்றியது.

"இந்தியாவுல பொறந்தேன், ரொம்ப வருஷமா இங்க இருக்கேன்னு எழுதிக் குடுங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும் லா" என்றார் பதிவு அலுவலகக் கிளார்க்.

"இந்தியாவ நான் சினிமாவுலதான் பாத்திருக்கேன். பொறந்தது புக்கித் தீமா ரயில்வே கேட்ல."

"அப்ப பாத்த ஆள் யாரையாச்சும் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க."

பிறப்புச் சான்றிதழ் கிடையாது. கேட் காவலாளியான அப்பா, கேட்டை விட்டுவிட்டுப் பதிவு செய்யப் போகவில்லையாம். அந்தக் கடமை வீரரும் மனைவியும் ஜப்பான்காரன் காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ரயில் பாதையையே முப்பத்திரண்டில் வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனக் கிழவர் ஒருவர்தான் பாக்கி. அவரைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார் மருதப்பன்.

இடுப்பளவு லாலான் புல். தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. சிலீப்பர் கட்டைகளைப் பெயர்த்துப் பன்றிக்கொட்டகை கட்டியிருந்தார்கள். சரளைக்கல்லைக் காலால் தடவித் தடவித்தான் பழைய பாதையைக் கண்டுபிடித்தோம். முள் குத்தியது எனக்கு, வசவெல்லாம் அவர் வாயில்.

கடைசியில் ஒரு கேட் கம்பம் அகப்பட்டது. அதில் கொடி கட்டித் துணி காய்ந்தது. பின்னால் தகரக் குடிசை. வாசலில் பாதி புதைந்து ஓர் ஆட்டுக்கல். மருதப்பன் குந்தி உட்கார்ந்து அதன் குழிக்குள் கையை விட்டார்.

"இதுல ஆட்டுன மாவுலதான்டா வளந்தேன்" என்றார்.

குடிசையிலிருந்த சீனப் பெண்மணியிடம் மலாயில் விசாரித்தோம். கிழவர் செத்துப் பத்து வருஷமாம். தான் நாற்பத்தெட்டில் சீனாவிலிருந்து வந்தவள் என்றவள், உள்ளே ஓடிப்போய்ப் புத்தம்புதுக் குடியுரிமைச் சான்றிதழைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினாள். நல்ல மனுஷி, காப்பியும் கொடுத்தாள். குடியிருப்பவளுக்குக் காகிதம் வந்துவிட்டது, அங்கேயே பிறந்தவருக்கு இல்லை.

மறுநாள் மருதப்பன் சண்டை போடாமல் போய், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் வரிசையில் நின்றார். நானும் கூடவே நின்றேன்.

"எப்ப வந்தீங்க?" என்றார் கிளார்க்.

"இருபத்தொண்ணுல. ஆடி மாசம்."

"எந்தக் கப்பல்?"

"எங்கம்மா."