அம்மா வந்த காரணத்தால்

அண்ணே, நீ மஸ்கட்டுக்குப் போகாததற்கு என்ன காரணம் என்று ஆளுக்கு ஒரு விதமாகப் பேசினார்கள். நீ இருக்கும்போது எல்லாருக்கும் நீயே பதில் சொன்னாய். இப்போது நான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்.

எங்கள் வீடு நூம்பலில். நைனா பயிர் வைத்த நிலம் பாதி மனையாகிப் போனதும், அண்ணன் மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனான். நான் அதே பக்கம் ஒரு துணி கம்பெனியில் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கப் போனேன். மஸ்கட்டுக்கு ஃபிட்டர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் ஒரு ஏஜென்சியில் எழுதிக் கொடுத்தான். பாஸ்போர்ட், மெடிக்கல், விசா எல்லாம் முடிந்து டிக்கெட்டும் வந்தது. டிக்கெட்டோடு ஒரு பயண இன்சூரன்ஸும் எடுத்துக் கொடுத்தார்கள். திடீரென்று உடம்பு சரியில்லாமல் பயணம் நின்றுபோனால் அவர்களிடம் கேட்கலாமாம்.

"எனக்கு ஜொரமே வராது. இத்த எதுக்குக் குடுக்கிறானுங்க?" என்று அண்ணன் அந்தத் தாளைப் பெட்டியில் அடியில் போட்டான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அவன் மார்பில் இரண்டு கொப்புளம். மத்தியானத்துக்குள் முகமெல்லாம் வந்துவிட்டது. அம்மா பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் அம்மை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். அம்மா வந்திருக்கிறாள் என்போம். வந்தவளை மரியாதையாக வைத்திருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்ப வேண்டும். அதுவரை டாக்டர் கிடையாது, ஊசி கிடையாது, குழம்புக்குத் தாளிப்பதுகூடக் கிடையாது.

நைனா வேலப்பன்சாவடி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஏஜென்சிக்குப் போன் போட்டார். நானும் கூடப் போனேன். எடுத்தவருக்குத் தமிழ் அரைகுறை.

"சார், பையன் நாளிக்கி வர முடியாது சார். அம்மா வந்துகீறாங்க" என்றார் நைனா.

அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ.

"ஆமா சார், நம்ம ஊட்டுக்குத்தான். இன்னிக்கிக் காலைல வந்தாங்க. எப்பப் போவாங்கன்னு நாம சொல்ல முடியாது சார். அவங்களா பாத்து எறங்கணும்."

மறுபடியும் ஏதோ கேட்டார்கள்.

"ஐயோ, உட்டுட்டுலாம் அனுப்பக் கூடாது சார். கோச்சிக்குவாங்க."

போனை வைத்துவிட்டு, "நல்ல மன்சன். பொறுமையா எழுதிக்கினாரு" என்றார்.

மறுநாள் விமானம் போய்விட்டது. அண்ணன் வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் போனால் வீட்டில் என்னோடு சண்டை போட ஆள் கிடையாது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் அண்ணன் ஏஜென்சிக்குப் போனான். அங்கே இங்கிலீஷில் எழுதி வைத்திருந்ததை மேனேஜர் படித்துச் சொன்னார். பயணி வரவில்லை. காரணம், தாயார் ஊரிலிருந்து வந்துவிட்டார், பிரிய மனமில்லை.

"ஏம்பா, அம்மாவ லீவுல வந்து பாக்கக் கூடாதா?" என்று கேட்டார். அண்ணன் முகத்தைக் காட்டினான். அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "இன்சூரன்ஸ்காரங்க உனக்கு ஒடம்பு சரியில்லதான்னு ஒத்துக்கிட்டுக் கடுதாசி குடுக்கட்டும். அடுத்த பேட்ச்ல உன்னப் போடறேன். இல்லன்னா பயந்துகிட்டு நின்னவன்னுதான் அர்த்தம். திருப்பி அனுப்ப மாட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து அண்ணனுக்கு அந்தக் கடுதாசி ஒன்றுதான் குறி. இந்தக் கதை பட்டறைக்கும் எப்படியோ போய்விட்டது. அண்ணன் உள்ளே நுழைந்தாலே, "இன்னா மச்சான், அம்மா ஊருக்குப் போய்ட்டாங்களா? பஸ் ஏத்தி உட்டியா?" என்பார்கள்.

"உங்க ஊட்டுக்குத்தான் அனுப்பிகீறேன் மாமே. கதவத் தொறந்து வையி" என்பான் அண்ணன். வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வான்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் மவுண்ட் ரோடு பக்கம். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். அந்த ஆபீசர் கத்தவில்லை, உட்காரச் சொன்னார். அதுவே எங்களுக்குப் பெரிசு.

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

"அம்மா இருக்கச்சொல்ல டாக்டராண்ட போவக்கூடாது சார்."

"தெரியும். எங்க வீட்லயும் போக மாட்டோம். ஆனா அத ஃபைல்ல எழுத முடியாதே. இங்க பாருங்க, ஏஜென்சி அனுப்பின தாள்ல அம்மா வந்தாங்கன்னு இருக்கு. சொந்தக்காரங்க வர்றதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கெடையாது."

"சார், மூஞ்சியப் பாருங்க சார். இத்தவுட இன்னா சர்டிபிகேட் வோணும்?"

"மூஞ்சிய ஃபைல்ல வைக்க முடியாதுப்பா. போட்டோவா எடுத்துட்டு வா, பாக்கலாம்."

அதனால் பூந்தமல்லியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். படம் வாங்கிப் பார்த்தால் அண்ணன் முகத்தில் ஒரு தழும்பு இல்லை. வழுவழுவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"அண்ணாத்தே, இது யாரு?" என்றான் அண்ணன்.

ஸ்டூடியோக்காரருக்கு ஒரே பெருமை. "பொண்ணு ஊட்டுக்கு அனுப்பத்தானே? ராவெல்லாம் ஒக்காந்து நெகட்டிவ்லயே பென்சிலால எல்லாத்தையும் எடுத்துட்டேன். அதுக்குத் தனியா காசு வோணாம்."

தழும்புக்காகத்தான் படமே என்று புரியவைக்க வெகு நேரம் ஆயிற்று. "என் ஸ்டூடியோ பேரக் கெடுக்கிறியே" என்று முனகிக்கொண்டே வேறு படம் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் இப்போது மாலை போட்டிருப்பது அந்த முதல் படம்தான்.

இரண்டாவது படத்தை ஆபீசர் நன்றாகப் பார்த்தார். "அம்மை வந்தது தெரியுது. எப்ப வந்ததுன்னு தெரியலையே. சின்ன வயசுல வந்ததா இருந்தா?"

"இல்ல சார். மஸ்கட் மெடிக்கல்ல சட்டையக் கயட்டச் சொல்லி டாக்டர் முழுசா பாத்தாரு சார். ஒடம்புல ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தாரே."

ஆபீசர் அந்த மெடிக்கல் தாளைக் கேட்டு வாங்கினார். கிளம்ப வேண்டிய தேதிக்குக் கொஞ்சம் முன்னால்தான் எடுத்தது. தோல் சுத்தம், ஆள் நல்ல ஆரோக்கியம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நல்லா இருந்ததுக்கு சர்டிபிகேட் இருக்கு, நல்லா இல்லாததுக்கு இல்ல" என்று ஆபீசர் முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப ரெண்டுக்கும் நடுவுலதான் வந்திருக்கணும். ரெண்டையும் சேத்து மேல அனுப்பறேன். அவங்க சொல்றதுதான்."

பஸ்ஸில் வரும்போது அண்ணன் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான். "பாப்பா, அடுத்த பேட்ச்ல நான் போய்க்கினே இருப்பேன் பாரு. உனக்கு இன்னா வாங்கியாரணும்?" என்றான். வாட்ச் என்றேன். "மணி பாக்கத் தெரியுமா உனக்கு?" என்றான். அதற்கு ஒரு சண்டை.

பதில் வருவதற்குள் அண்ணன் போய்விட்டான். பட்டறையில் ஒரு சாமான் வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டைச் சைக்கிளில் தாண்டும்போது லாரி. அவ்வளவுதான். அன்றைக்கே விமானம் ஏறியிருந்தால் இந்த ரோட்டில் இருந்திருக்க மாட்டானே என்று எல்லாரும் சொன்னார்கள். எங்களுக்குத் தெரியாத மாதிரி சொன்னார்கள். அம்மா இன்னும் கோயிலுக்குப் போகிறாள். அங்கே நின்று என்ன பேசுகிறாள் என்று நாங்கள் கேட்டதில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து கடுதாசி வந்தது. பக்கத்துத் தெரு டீச்சரம்மா படித்துச் சொன்னார்கள். உடல்நலக் குறைவால் பயணம் நின்றது என்பதை ஏற்றுக்கொள்கிறோம், சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போடவும் என்று இருந்தது. நைனா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

நானும் நைனாவும் போனோம். ஆபீசர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "தம்பி வரலையா?"

நைனா பையைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் கையெழுத்து, முத்திரை, நேரம், காரணம், எதுவும் குறைவில்லை. ஆபீசர் படித்துவிட்டு எழுந்து நின்றார். பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"கையெழுத்து நாங்க போட்லாமா சார்?" என்றார் நைனா.

"போடலாம். அதுக்கு வேற பேப்பர் இருக்கு" என்றார்.

அந்தக் கடுதாசியை நைனா ஏஜென்சிக்கும், அங்கிருந்து பட்டறைக்கும் எடுத்துப் போய்க் காட்டினார். பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து பார்த்தார்கள். மச்சான் மச்சான் என்று கேலி பண்ணினவன்தான் முதலில் அழுதான்.

என் அண்ணன் பயந்து நிற்கவில்லை. அவனுக்கு உடம்பு சரியில்லை. இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, அவனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். இப்போது போயிருக்கிற இடத்திலாவது எந்தத் தாளும் கேட்காமல், அவன் சொல்வதை நம்பி உள்ளே விடட்டும்.