சதுரகிரியிலிருந்து ஜப்பானுக்கு

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு எந்த ஆசை வேண்டுமானாலும் வரலாம், பொறி பறக்கிற சாமான்மேல் மட்டும் வரக்கூடாது. எனக்கு அதுதான் வந்தது.

எங்கள் கம்பெனி ஆனைக்குட்டம் போகிற வழியில் இருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் பீடியையும் தீப்பெட்டியையும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஆணியடித்த செருப்புக்குக்கூட அனுமதி கிடையாது. வீட்டிலும் பின்கட்டு நிறைய சாம்பிள் வெடிப் பொட்டலங்கள். அந்த வீட்டின் மாடியில் உட்கார்ந்து நான் தந்தி அடிக்கிற மோர்ஸ் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன். கட்டையை அழுத்தி எடுக்கும்போதெல்லாம் அதன் வாயில் கடுகளவு நீலப் பொறி ஒன்று தோன்றி மறையும். ஒருநாள் அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

“ஏலே, ஊர்ல அம்புட்டுப் பேரும் பீடியைக் கேட்ல குடுத்துட்டு வாரான். மொதலாளி மகன் வீட்டுக்குள்ள உக்காந்து பொறி தட்டிக்கிட்டு இருக்கான். இந்த எழவை எங்கனயாச்சும் மலைமேல கொண்டுபோயி வச்சுக்கலே!”

கோபத்தில் சொன்னதுதான். அப்பா சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை என்று என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்குத் தட்டவில்லை. மலையைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெச்சூர் ரேடியோ என்பது சினிமாப் பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. சர்க்காரிடம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சொந்தமாக ஒரு வயர்லெஸ் பெட்டி வைத்து, உலகத்தில் எங்கோ இதே பைத்தியம் பிடித்து உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைக் கூப்பிடுவது. அவர் பதில் சொன்னால் பேர், ஊர், சத்தம் எப்படிக் கேட்கிறது, அங்கே வெயிலா மழையா என்று விசாரித்துவிட்டு விடைபெறுவது. அவ்வளவுதான். இதில் ஒரு பைசா வருமானம் கிடையாது, வருமானம் வந்தால் லைசென்ஸ் போய்விடும். எங்கள் ஊரில் இதை விளக்கிச் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை.

மலையிலிருந்து பேச அனுமதி கேட்டு எழுதினேன். முழு விலாசம் வேண்டும், கதவு எண் உட்பட, என்று பதில் வந்தது. ‘சதுரகிரி, மேலே. கதவு இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். அதற்கும் அனுமதி கொடுத்தார்கள். நான் செய்த வேடிக்கைகளில் எனக்கு நல்லது செய்தது அது ஒன்றுதான்.

பெட்டி, மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய பட்டாளத்துச் சாமான். அதோடு ஒரு பேட்டரி. அதைத் தூக்குவதற்கு என் மாமா மகன் வருவான். சொந்தமாக லித்தோ பிரஸ் வைத்து வெடி லேபிளும் தீப்பெட்டி லேபிளும் அடித்துக்கொண்டிருந்தவன். தாணிப்பாறை அடிவாரத்தில் ஏற ஆரம்பித்ததிலிருந்து உச்சி வரைக்கும் அவன் வாய் ஓயாது.

“மாப்ளே, ஒங்க வீட்ல பொண்ணு எடுத்திருந்தாக்கூட இம்புட்டு சொமந்திருக்க மாட்டேன்லே. ஆசிட்டு சிந்தி மூணு வேட்டி ஓட்டையாயிருச்சு. எங்கம்மா, நீ பீடி குடிக்கியாடான்னு கேக்கா.”

கோயிலுக்கு மேலே ஒரு பாறையில் பெட்டியை வைத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே ஏரியல் கம்பியைக் கட்டி, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொள்வேன். சதுரகிரி சித்தர்கள் உலவுகிற மலை என்பது ஊரறிந்த விஷயம். காதில் என்னத்தையோ கவிழ்த்துக்கொண்டு, ஒரு விரலால் தாளம் போட்டபடி கண்மூடி இருக்கிறவனை அமாவாசைக்கு வந்த ஜனங்கள் என்னவென்று நினைக்கும்? கண்ணைத் திறந்தால் முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். பழத்தை நானும் மச்சானும் சாப்பிட்டோம். சித்தர்கள் மன்னிக்கட்டும்.

இப்படி நான் சந்தோஷமாக இருந்ததற்குச் சாட்சி அந்த மலையும் மச்சானும்தான். அந்த நாட்களை நினைத்தால் இப்போது சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பம்பாயில் ஒரு கப்பல் கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டர் வேலை. தீபாவளி கழிந்ததும் பயிற்சிக்கு வந்து சேரவேண்டும். வயது வரம்பை நான் அப்போதே தொட்டுக்கொண்டிருந்ததால் அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் ஒரே மகன். அப்பா சம்மதிக்காமல் வீட்டைவிட்டு இறங்க எனக்குத் துணிச்சல் கிடையாது. கேட்டேன்.

அப்பா உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் அவர். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

“நீ மலைமேல ஏறித் தட்டுற. அங்கிட்டு ஒருத்தன் பதில் சொல்லுறான்னும் சொல்லுற. சொல்லுறது நீயி. அதான்லே எனக்கு யோசனை. ஒருத்தன் நெசமாவே ஒனக்குப் பதில் சொல்லுறான்னு எனக்குத் தெரியட்டும். அன்னைக்கே பெட்டியைக் கட்டு. நானே விருதுநகர் ஸ்டேஷன்ல ரயிலேத்தி விடுறேன்.”

‘சொல்லுறது நீயி’ என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மச்சானின் பிரஸ்ஸில் லண்டன் கம்பெனி ஒன்றின் பேரில் தலைப்புத் தாள் அடித்து, அப்பாவுக்கு ஒரு ஆர்டர் அனுப்பியிருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்கள் நாய் வளர்ப்பவர்கள், ஆகவே சத்தம் வராத வெடி ஒரு லோடு வேண்டும் என்று. சாயங்காலத்துக்குள் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அப்பா அதை பஜார் முழுக்கக் காட்டினார். ஃபோர்மேனைக் கூப்பிட்டு, மருந்தைக் குறைத்து, திரியை நீட்டி, சத்தமில்லாத வெடி செய்து பார்க்கச் சொன்னார். ஃபோர்மேன் செய்தும் காட்டினார். அது புஸ்ஸென்று போனது. “வந்திருச்சுலே!” என்று அப்பா துள்ளிக் குதித்தபோதுதான் உண்மையைச் சொன்னேன். அப்பா அடிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துச் சிரித்தார். அன்றோடு சிவகாசியில் என் வார்த்தைக்கு இருந்த விலை போய்விட்டது.

அந்த ஆடி அமாவாசைக்கு அப்பாவே எங்களோடு மலை ஏறினார். சாமி கும்பிட்டுவிட்டுப் பாறைக்கு வந்து துண்டை விரித்து உட்கார்ந்தார். நான் தட்ட ஆரம்பித்தேன். பொழுது சாயத் தொடங்கியபோது, இரைச்சலுக்கு நடுவே மெல்லிசாக ஒரு பதில் வந்தது. லைசென்ஸோடு எனக்குக் கொடுத்திருந்த அடையாள எழுத்துகள், பிறகு அவருடையவை. முதல் எழுத்திலேயே நாடு தெரிந்துவிடும். ஜப்பான்! ஹெட்போனைக் கழற்றி அப்பாவின் காதில் வைத்தேன்.

“கேக்கா?”

“வண்டு கத்துது.”

“வண்டு இல்லப்பா, அதுதான் ஜப்பான்.”

“இதுல எதுலே ஜப்பான், எது வண்டு?”

ஹெட்போனைத் திரும்ப வாங்கி, அவர் அனுப்பியதை எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னேன். என் சத்தம் சுமாராகக் கேட்கிறதாம். அவரும் ஒரு மலை உச்சியில்தான் இருக்கிறாராம். அங்கே தூறலாம்.

“அவனும் மலைமேலயா?” அப்பா மச்சானைப் பார்த்தார். “அவங்கப்பனும் வீட்டுக்குள்ள விடலையாக்கும். சரி, அங்கன இந்த வருஷம் வெடி என்ன வெலை போகுதுன்னு கேளு.”

“வியாபாரம் பேசக்கூடாதுப்பா. சட்டம்.”

“வியாபாரம் பேசாம ஜப்பான்காரன்கிட்ட வேற என்னத்தலே பேசுவ?”

“பேரு, ஊரு, மழை...”

“அம்புட்டுதானா? இதுக்கா இந்தப் பாடு?”

அதற்குள் சத்தம் தேய்ந்து, இரைச்சல் மட்டும் மிஞ்சியது. விடைகூட ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பா இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

“நீ சொன்னது நெசமாவும் இருக்கலாம். வண்டாவும் இருக்கலாம். நா எதை நம்ப?”

“பேசுனவங்க ஒருத்தருக்கொருத்தர் அட்டை போடுறது வழக்கம்ப்பா. அவர் அட்டை வரும், பாருங்க.”

“வரட்டும். வந்தா நீ போலாம்.”

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது அட்டை வந்தது. ஜப்பான் ஸ்டாம்பு ஒட்டிய உறையில், வழவழப்பான அட்டை. பனி மூடிய எரிமலை, கீழே செர்ரிப் பூக்கள், அதன்மேல் பெரிதாக அவருடைய அடையாள எழுத்துகள். பின்பக்கம் நாங்கள் பேசிய தேதியும் நேரமும். இறுக்கிப் பிடித்தால் கசங்கிவிடுமோ என்று பயந்து, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு எதிரே, லேபிள் புரூஃப் காட்ட வந்த மச்சான் உட்கார்ந்திருந்தான்.

அப்பா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் மையைத் தேய்த்துப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் கீறினார். பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

“ஏலே, இந்த மலை நம்ம தீப்பெட்டி லேபிள்ல வந்த மலைதானலே!”

வாஸ்தவம்தான். எங்கள் ஊரில் அந்த எரிமலையை லேபிளில் போடாத கம்பெனி குறைவு. உலகத்தில் வேறு எந்த ஊரில் இந்த அட்டையைக் காட்டியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். வெளிநாட்டு அட்டை எதைக் கொடுத்தாலும் நாளைக்கே அதைவிட நன்றாக அடித்துத் தருகிற ஊரில் காட்டினேன்.

“ஸ்டாம்பைப் பாருங்கப்பா! முத்திரையைப் பாருங்க!”

“பாத்தேன். அதான் பிரமாதம். முத்திரையைக்கூட விடலியே!” அவர் மச்சான் பக்கம் திரும்பினார். “ஏலே, பொய்யோ நெசமோ, வேலைன்னா இது வேலை. நாலு கலரும் ஒண்ணுமேல ஒண்ணு மயிரிழை பிசகாம உக்காந்திருக்கு. எங்க கம்பெனி லேபிளை ஒருநாளாச்சும் இப்பிடி அடிச்சுக் குடுத்திருக்கியா நீ?”

அப்பா தொழிலில் ஒருவரைப் பாராட்டுவது அபூர்வம். மச்சானை அவர் பாராட்டியதே கிடையாது, புரூஃபைத் தூக்கி எறிந்ததுதான் அதிகம். நான் அவனையே பார்த்தேன். அந்தப் பேட்டரியைச் சுமந்தவன் அவன்தான். பாறையில் என் பக்கத்தில் இருந்தவனும் அவன்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை முகம்போல மலர்ந்தது.

“புது மை மாமா,” என்றான்.

ஆபீஸே சிரித்தது. நான் சத்தியம் செய்தேன். செய்யச் செய்யச் சிரிப்பு கூடியது. வெளியே வந்து மச்சானின் சட்டையைப் பிடித்தேன்.

“மாமா வாயில நல்ல வார்த்தை வந்திருச்சு மாப்ளே. இல்லைன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை.” பாவம், அழுதுவிட்டான். அடுத்த வாரம் அவனே போய் உண்மையைச் சொன்னான். “இப்ப நீயும் சேந்துக்கிட்டியா?” என்று அப்பா அதற்கும் சிரித்தாராம்.

பம்பாய் போகவேண்டிய நாள் வந்தது, போனது. அப்பா என்னைத் தடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நிபந்தனை நிறைவேறவில்லை என்று அவர் மனசார நம்பினார். என்மேல் கோபமும் இல்லை. அந்த அட்டையைப் பெருமையாக ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிற வியாபாரிகளிடமெல்லாம் ‘என் மகன் வேலை’ என்று காட்டினார். நான் அதற்கு எதிரே நாற்காலி போட்டு ஆர்டர் புத்தகம் எழுதினேன். சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சிரிக்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? என் பேச்சைச் சிரித்துத் தள்ள அவருக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

அடுத்த வருஷம் சீனாச் சண்டை வந்தது. ஒரு மத்தியானம் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஆபீஸுக்கு வந்து என் பேரைக் கேட்டார். வயர்லெஸ் பெட்டியை ஒப்படைக்கவேண்டும் என்றார். அப்பா பதறி எழுந்தார்.

“ஐயா, அது வெளையாட்டுச் சாமான். மூர் மார்க்கெட்டுல வாங்கினது. பய வேடிக்கைக்குத் தட்டுவான்.”

“வெளையாட்டுச் சாமானா? வெளிநாட்டுக்குப் பேசுற மிஷினுங்க அது. யார் யார் வச்சிருக்காகன்னு மேல இருந்து பேரோட வந்திருக்கு.”

“நெசமாவே பேசுமா?”

“நல்லாக் கேட்டீக. பேசாத சாமானைத் தூக்கவா சண்டை நேரத்துல என்னைய அனுப்புவாக?”

என்னை நம்பிய முதல் ஆள் சர்க்கார். அதுவும் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தபோது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜீப் போனபிறகு அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்த ஜப்பான்காரன் இன்னும் ஒன்னைய கூப்பிட்டுக்கிட்டு இருப்பானோ?”

“இருந்தாலும் இருப்பார்ப்பா.”

“பதில் வரலைன்னா என்ன நெனைப்பான்?”

“வண்டுன்னு நெனைச்சுக்குவார்.”

அவர் சிரிக்கவில்லை. நானும் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

“கப்பல்காரக இன்னொருக்க எடுப்பாகளா?”

“வயசு தாண்டிருச்சுப்பா. விடுங்க. கப்பல்ல போனா எனக்கு வாந்திதான் வரும். மலையடிவாரம் போற மாட்டுவண்டியிலயே வரும்.”

அவர் விடவில்லை. கம்பெனித் தலைப்புத் தாளை எடுத்துத் தன் கையாலேயே பம்பாய்க்குக் கடிதம் எழுதினார். தமிழில். என் மகன் பேசுவது நிஜம், நம்பாதது என் பிழை, அவன் வயதை மட்டும் மன்னித்து எடுத்துக்கொள்ளவும் என்று எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார். எழுத்து சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பம்பாயில் அதைப் படிக்க ஆள் இருக்காது என்று நான் சொல்லவில்லை. இங்கிலீஷில் நானே எழுதித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. நான் எழுதினால் அதில் என்ன குறும்பு இருக்குமோ என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்றிருந்தது. ‘சரியா இருக்குப்பா’ என்றேன். அவரே வெயிலில் நடந்துபோய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு, மத்தியானத்தில் தபால்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்துகிற நேரத்துக்கு அப்பா வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றுகொள்வார். “பம்பாய்ல இருந்து ஏதும் இருக்காப்பா?” என்பார். இல்லை என்றால் தலையாட்டிக்கொள்வார். பொங்கல் கழிந்தும் அப்படித்தான் வந்து நின்றுகொண்டிருந்தார்.