துரை கழற்றிய ஷூ

அஜ்மானில் நடந்த நாடகப் போட்டிக்கு என் பேத்தி ஒரு நாடகம் எழுதினாள். விக்டோரியா ராணி காலத்து லண்டன். பிரபு ஒருவர் விஷம் குடித்துச் செத்துக் கிடக்கிறார். கால்சட்டை மாட்டிக் குதிரையில் திரியும் ஒரு சீமாட்டி கொலைகாரனைத் தேடுகிறாள். மருந்து கொடுத்த வைத்தியனை விட்டுவிட்டு, சந்தேகமெல்லாம் அவள் காதலன் மேல். கொலை நடந்த இரவு எங்கே இருந்தாய் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

சீமாட்டி, பேத்திதான். நான் மாளிகைச் சமையல்காரி. பள்ளிக்கூடமும் நானும் சீக்கிரமே பிரிந்துவிட்டோம். என் இரண்டு வசனத்தையும் காதால் கேட்டே படித்தேன்.

"இந்தத் தடவை கப்பு வரலைன்னா நாடகம் கீடகமெல்லாம் கலாஸ், அத்தோட முடிஞ்சுது" என்று அவளிடம் சொல்லியிருந்தான் என் மகன். ஜெபல் அலி டூட்டிக்கு லீவு போட்டுவிட்டு, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காதலனாக நடித்தவர் பக்கத்து முவைலாவில் கடை வைத்திருப்பவர். கோட்டும் தொப்பியும் ஜோர். மாளிகைக் கதவு வரை கம்பீரமாக வந்தார். குனிந்தார். ஷூவைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார், நம் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி! சாக்ஸிலிருந்து கட்டைவிரல் வேறு எட்டிப் பார்த்தது.

சபை கொல்லென்று சிரித்தது. பேத்திக்கு வசனம் மறந்துவிட்டது.

மேடை ஓரத்தில் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"ஏன் தொரை, லண்டன்ல எவனும் வாசல்ல கழட்டிப்போட்டு வர்றதில்லையே? சத்தமில்லாம வந்து வந்து பழகுன காலோ?"

சிரிப்பு நின்றது. பேத்தி என்னைப் பார்த்தாள். கண் பளிச்சென்றது.

"ஆம்! கொலை நடந்த இரவும் இப்படித்தான் வந்தார். பிரபுவைக் கொல்ல அல்ல, என்னைப் பார்க்க! என் மானம் காக்கத்தான் மௌனமாக இருந்தார். பிடியுங்கள் அந்த வைத்தியனை!"

விசில் பறந்தது. கப்பு எங்களுக்கு!

வெளியே வந்ததும் மகன் கேட்டான். "அப்படி ஒரு வசனம் ஒனக்கு எப்படித்தா வந்துச்சு?"

"ஒங்கப்பாவக் கேளு. கல்யாணமான புதுசுல எங்க மாமியா முழிச்சிடக் கூடாதுன்னு செருப்பக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான வருவாரு."

கிழவர் அவசரமாகக் காரைத் தேடிப் போனார்.

மகன் கப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டு மகளிடம் சொன்னான். "அடுத்த நாடகத்துல இந்த அப்பாவுக்கும் ஒரு வேஷம் குடும்மா."

"பொணம் வேஷம் இருக்குடா" என்றேன். "வசனம் கெடையாது. கையக் கட்டிக்கிட்டுக் கெடந்தாப் போதும்."