கடல் சாமந்திக்குப் பிடிக்காத கை

மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குக் கிளம்பிய அன்று என் மனைவி என்னிடம் இரண்டு பொறுப்புகளை ஒப்படைத்தாள். ஒன்று, படுக்கப் போகும் முன் கேஸை மூட வேண்டும். இன்னொன்று, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் கடல் சாமந்தி அவள் திரும்பி வரும் வரை உயிரோடு இருக்க வேண்டும். முதலாவதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். இரண்டாவதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு டீ குடித்துவிட்டேன்.

பெயரைக் கேட்டுப் பூ என்று நினைத்துவிட வேண்டாம். அது பிராணி. பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடம் எடுக்கும் என் மனைவி, கடலே இல்லாத ஆம்பூரில், கூடத்து மூலையில் கொஞ்சம் கடலைக் கட்டி வைத்திருந்தாள். அந்தத் தொட்டியில் ஒரு பாறை இடுக்கில் காலைப் பதித்துக்கொண்டு, நுனி உப்பிய விரல்களை எந்நேரமும் ஆட்டியபடி அது உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு வாய். உள்ளே போவதும் அதன் வழி, வெளியே வருவதும் அதன் வழி. மூளை கிடையாது, கண் கிடையாது. ஆனாலும் இடம் பிடிக்காவிட்டால் காலைக் கழற்றிக்கொண்டு வேறு பாறைக்கு நகர்ந்து போய்விடுமாம். மூளை இல்லாத ஒன்று எதை வைத்துப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.

அதன் விரல்களுக்குள் இரண்டு கோமாளி மீன்கள் படுத்துப் புரளும். வேறு மீன் போனால் கொட்டிவிடும், இவர்களை மட்டும் கொட்டாது. ஏன் என்று கேட்டேன்.

"அதுங்க மேல ஒரு வழவழப்பு இருக்குதுங்க. அதனாலன்னு சொல்றாங்க. முழுசா யாருக்கும் தெரியாது" என்றாள்.

டீச்சர் ஒருத்தி தெரியாது என்று சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் சொன்னாள்: "தண்ணி கொறைஞ்சா நல்ல தண்ணி தான் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்தாதீங்க. ஆவியாப் போறது தண்ணி தான், உப்பு எங்கயும் போவாது. அப்புறம், அது செத்துப்போச்சின்னா தண்ணி மொத்தமும் கெட்டுப் போய்டும். மீனும் பொழைக்காது. பாத்துக்கோங்க."

உப்பைப் பற்றி எனக்கே பாடம். எனக்குச் சிரிப்பு வந்தது. தோல் மண்டியில் தரம் பிரிப்பது என் வேலை. உப்புப் போட்டு வந்திறங்கும் பச்சைத் தோலை விரித்து, தடவி, முகர்ந்து, முடி கழல்கிறதா என்று இழுத்துப் பார்த்து, இது முதல் தரம், இது கழிவு என்று சொல்ல வேண்டும். உப்பு கம்மியாக இருந்தால் தோல் அழுகும் என்பதை என் விரலே சொல்லிவிடும். அந்த விரலில் அந்த நாற்றம் எப்போதும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், ஜோலார்பேட்டை வருவதற்குள் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் மண்டியில் எல்லோருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அதனால் வேலை முடிந்ததும் வாசனை சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு, மணிக்கட்டிலும் புறங்கையிலும் அத்தர் தடவிக்கொண்டுதான் யாரும் வாசலைத் தாண்டுவார்கள். மாப்பிள்ளை ஆன பிறகு நான் இன்னும் ஒரு சொட்டு ஜாஸ்தியாகவே போட்டுக்கொண்டேன்.

முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையை விட்டுக் கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைப்பேன், குறைந்த தண்ணீரை ஊற்றுவேன். நான் கையை எடுப்பதற்குள் சாமந்தி விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். புது ஆள் என்று கூச்சப்படுகிறது போல என்று விட்டுவிட்டேன். மூளை இல்லாததற்குக் கூச்சம் எங்கிருந்து வரும் என்று பிறகுதான் யோசித்தேன்.

அது நாளுக்கு நாள் சிறுத்தது. பொடியாக நறுக்கிய இறாலைக் கொடுத்தால் வாங்கித் துப்பியது. உப்பளவு பார்த்தேன், சரியாக இருந்தது. தண்ணீரின் சூடும் சரி, விளக்கும் சரி. வெள்ளிக்கிழமை மண்டிக்கு விடுமுறை. அன்று மட்டும் நான் கையை விட்டாலும் அது பேசாமல் விரிந்தே இருந்தது. சனிக்கிழமை மறுபடியும் சுருங்கியது. அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. மண்டிக்குப் போகும் கை, போகாத கை என்று இதற்கு எப்படித் தெரியும்?

யோசித்தேன். கண்டுபிடித்தும்விட்டேன். தோல் நாற்றம்! ரயிலில் எழுந்து போனவர் மாதிரி இதுவும் என்னிடமிருந்து ஒதுங்குகிறது. ஒரு பிராணியிடம் கோபித்துக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கோபித்துக்கொண்டுதான் மறுநாளிலிருந்து இரண்டு முறை சோப்புப் போட்டேன். எலுமிச்சைத் தோலைத் தேய்த்தேன். அத்தரையும் கூட்டினேன். பஜாரில் நல்லதாகப் பார்த்துப் புதுப் புட்டி ஒன்று வாங்கினேன்.

சாமந்தி இன்னும் மோசமானது. வாய் பிளந்து தொங்கியது. பாறையில் பதிந்திருந்த கால் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. மீன்கள் இரண்டும் அதை விட்டுவிட்டு ஒரு மூலையில் போய் நின்றன. மனைவி போனில், "இன்னா, நம்மாளு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஜம்முன்னு இருக்கு" என்றேன். அங்கே பேத்தி பிறந்த வீட்டில் சாவுச் செய்தியை யார் சொல்வது? போனை வைத்த பிறகு பயமாக இருந்தது. திரும்பி வந்து காலித் தொட்டியைப் பார்த்தால் அவள் சத்தம் போட மாட்டாள். பேசாமல் அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

ஒரு மத்தியானம் கீழ்வீட்டு அம்மா மண்டிக்கே போன் செய்தார். "அண்ணா, கரெண்ட் போயி ரொம்ப நேரமாச்சு. உங்க மீனு மேல வந்து வாயத் தொறக்குது, எனக்கு பேஜாரா இருக்கு. ஜல்தி வாங்க." சாவி அவரிடம்தான் இருந்தது. நான் போட்டது போட்டபடி ஓடினேன். சோப்பு இல்லை, அத்தர் இல்லை. வீட்டுக் குழாயில் கையை நல்ல தண்ணீரில் அலசியதோடு சரி. பேட்டரி பம்பை மாட்டி, காற்றுக் குழாயை உள்ளே விட வேண்டும். விட்டபோது குழாய் பாறையில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க என் கை சாமந்தியை ஒட்டியே போக வேண்டும். நகக்கண்ணில் இன்னும் தோலின் வாடை. இன்றோடு இது தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டே கையை விட்டேன்.

அது சுருங்கவில்லை. குழாயை எடுக்கும்போது என் விரல் அதன் விரலில் பட்டது. பட்டதும் பலாப்பழப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. மெதுவாக இழுத்தேன், விட மனமில்லாமல் விட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா ஆச்சு அண்ணா, செத்துப்போச்சா?" என்று கீழ்வீட்டு அம்மா வாசலிலிருந்து கேட்டார்.

"இல்லம்மா. என்னத் தொட்டுச்சு" என்றேன்.

அன்று சாயங்காலம் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு அத்தரை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் படலமாகப் பரவி, வெளிச்சத்தில் நிறம் நிறமாக மின்னியது. தொட்டியைக் குனிந்து பார்த்தேன். ஓரத்தில் அதே படலம். தினமும் நான்தான் அதைக் கொண்டுவந்து கரைத்திருக்கிறேன். சுருங்கச் சுருங்க இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறேன். காகிதத்தை மேலே போட்டுப் படலத்தை ஒற்றி எடுத்தேன், தண்ணீரில் கொஞ்சத்தை மாற்றினேன். அதன் பிறகு சோப்பும் இல்லை, அத்தரும் இல்லை. வெறும் தண்ணீரில் கழுவிய கைதான். சில நாளில் வாய் மூடியது, கால் பாறையைப் பிடித்தது. மீன்கள் எதுவும் நடக்காதது போல் திரும்பி வந்து படுத்துக்கொண்டன.

மனைவி வந்திறங்கிய அன்று நான் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்திருந்தேன். பையை வாங்கக் கையை நீட்டாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். அவள் நேராகத் தொட்டிக்குப் போனாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து மூச்சை இழுத்தாள்.

"அத்தர் போடலயா?"

"அதுக்கு ஒத்துக்கல. சாவப் பாத்துச்சு. அதான் வுட்டுட்டேன்."

அவள் என்னையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கும் தாங்க ஒத்துக்கல. கல்யாணம் ஆனதுல இருந்து தலைவலி."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாளே, அந்த இரவுகள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. அப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் அத்தர் புட்டியில் எவ்வளவு மிச்சம் என்றுதான் பார்த்திருக்கிறேன்.

"ஏன் சொல்லல?"

"ஆசையா போட்டுக்கினு வர்றீங்க. எப்படி சொல்றது?"

"அப்போ தோல் நாத்தம்?"

"அது ஊரு நாத்தங்க. நான் ஆம்பூர்ல பொறந்தவ. எனக்கு அது தெரியவே தெரியாது" என்று சொல்லிவிட்டு, பையை என் கையில் கொடுத்தாள்.