விசிலார் பார்த்த பத்து நிமிஷம்

போன கிழமை முடிவெட்டப் போனேன். கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்னில் வழக்கமாகப் போகிற சலூன். வெட்டுகிற தம்பி இங்கேயே பிறந்தவர். சுவரில் டீவி. அமெரிக்கன் ஃபுட்போல் போய்க்கொண்டிருந்தது. விளையாட்டு இல்லை, ஆள் எடுக்கிறார்கள். எந்த அணிக்கு எந்த இளம் ஆள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லுகிறார்கள். பந்து முட்டை மாதிரி இருக்கும். காலால் தொடுவதும் குறைவு. அதற்கு ஏன் ஃபுட்போல் என்று பெயர் வைத்தார்கள் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கு விளங்கவில்லை. அது கிடக்கட்டும்.

புதுக் கோட்டுப் போட்ட ஒருவனைக் காட்டினார்கள். பக்கத்தில் தாய். மேசையில் ஃபோன். அது அடிக்குமா என்று இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே எழுத்து ஓடியது. அந்த வேகத்துக்கு எனக்கு இங்கிலீஷ் வராது.

"என்ன எழுதிக் கிடக்கு?"

"கால் ஸ்லோவாம் அங்கிள். ஹார்ட்டும் இல்லையாம். ஹீ இஸ் டன்."

"ஹார்ட் இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"டீவிக்காரர்தான். டேப் பாத்திருப்பாங்கள்."

"எவ்வளவு நேரம் பாத்தவையாம்?"

அவர் சிரித்தார். "தலையை ஆட்டாதேங்கோ அங்கிள். காது போயிடும்."

வெட்டி முடிய என் பிடரியில் ஏதோ பூசினார். காரமான மணம். கால் நோவுக்குத் தடவுகிற தைலத்தின் மணம். ஃபோன் அடித்ததோ தெரியாது, நான் எழும்பி வந்துவிட்டேன். மணம் மட்டும் பஸ்ஸிலும் கூட வந்தது.

தொண்ணூறுகளில் அந்தத் தைலம் என்னிடம் ஒரு போத்தல் இருந்தது. நான் தனி ஆள். மல்வேர்னில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். ஜன்னலால் பார்த்தால் றோட்டில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். பிளாஸ்டிக் மூடி செய்கிற ஃபக்டரியில் வேலை, போக இரண்டு பஸ். வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்க மாட்டேன். சில சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைக்குப் போய், "கத்தரிக்காய் இருக்கோ?" என்று கேட்பேன். கத்தரிக்காய் முன்னுக்கே குவிந்து கிடக்கும். "உதில கிடக்கு அண்ணை" என்று ஒரு பதில் வரும். அதற்காகத்தான் கேட்பது.

எனக்குத் தெரிந்த ஒன்று உதைபந்து. ஊரில் ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பந்து நிற்கவில்லை. பின்வரிசையில், இடப்பக்கம் நிற்பேன்.

ஆனால் இங்கே பந்தடிக்க ஊர் வேண்டும். அப்போது கழகங்கள் எல்லாம் ஊர்ப் பெயரில்தான். அந்த ஊர்க்காரன் அந்தக் கழகத்துக்கு. சனிக்கிழமை விளையாட்டு, பிறகு ஒருவர் வீட்டில் சாப்பாடு, காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். எங்கள் ஊர் சின்னது. அங்கிருந்து கனடாவுக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் மொன்றியலில், இன்னொருவர் வன்கூவரில். மூன்று பேரை வைத்துக் கழகம் கட்ட ஏலாது.

இதற்கு ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தாயின் ஊரைச் சொல்லிச் சேருவது. கலியாணம் முடித்தவன் பெண்சாதியின் ஊரைச் சொல்லுவான். பெண்சாதியின் ஊர் பலமான கழகம் என்று மாப்பிள்ளைமாரைத் தேடிப் பிடித்தவர்களும் உண்டு. என் அம்மாவின் ஊருக்கும் ஒரு கழகம் இருந்தது. படிவத்தில் 'ஊர்' என்று கேட்டிருந்தது. நான் பிறந்த ஊரை எழுதிக் கொடுத்தேன். கேட்டதற்குப் பதில் எழுதினேன், அவ்வளவுதான். பிறகு எல்லாரும் என்னைப் பேயன் என்றார்கள். சரிதான்.

ஊர்க் கழகம் இல்லாத என்னைப் போன்றவர்களுக்குப் பொது லிஸ்ட் என்று ஒன்று. வசந்தம் தொடங்க ஒரு ஞாயிறு மைதானத்தில் எங்களைக் கலந்து ஒரு ஆட்டம் விடுவார்கள். அடுத்த ஞாயிறு கழகத் தலைவர்கள் வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு எடுப்பார்கள். இடையில் ஒரு வெள்ளிக்கிழமை வரும். அன்றுதான் பேப்பர் வரும்.

பேப்பர் என்றால் தமிழ்க் கடை வாசலில் சும்மா எடுக்கிற வாரப் பேப்பர். கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பார்கள், செய்தியெல்லாம் கருவாடு மணக்கும். அதில் 'விசில்' என்ற பெயரில் ஒருவர் விளையாட்டுப் பக்கம் எழுதினார். பொது லிஸ்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி. அவர் பேனை கத்தி மாதிரி. ஒருவருக்கு, 'வலக்கால் பந்துக்கு. இடக்கால் பஸ் ஏற மட்டும்.' இன்னொருவருக்கு, 'தலைமயிருக்குச் செலவழிக்கும் நேரத்தில் தலையால் அடிக்கப் பழகலாம்.'

கடை வாசலிலேயே நின்று வாசித்துச் சிரித்தேன். உண்மையாகவே நல்லாகச் சிரித்தேன். பிறகு என் பெயர் வந்தது.

'மரம். பந்து வந்து பட்டால்தான் அசைவார்.'

அந்த ஆட்டத்தில் பந்து அதிக நேரம் மற்றப் பக்கத்தில்தான் நின்றது. பின்வரிசைக்காரன் பந்துக்குப் பின்னால் ஓடக் கூடாது, இடத்தை விடக் கூடாது. ஊரில் அப்படித்தான் பழக்கினார்கள். இதை யாருக்குச் சொல்ல? பேப்பரை மடித்துத் திரும்ப அடுக்கில் வைத்தேன். அடியில் வைத்தேன். மேலே இன்னும் இருநூறு பேப்பர் இருந்ததை நான் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஃபக்டரியில் இடைவேளைக்கு இருந்தபோது ஒருவர் கேட்டார், "என்ன மரம், இந்த வருஷம் பூக்கேல்லையோ?" மற்றவர், "உது பூக்கிற சாதி இல்லை, விறகுக்கு" என்றார். நானும் சிரித்தேன். அவர்களோடு சிரித்தால் ஒரு மேசையில் இருக்கலாம்.

அது பிறகு. அதற்கு முதல்நாள் ஞாயிறு, ஆள் எடுப்பு. பதினேழு பேர் கோட்டில் நின்றோம். தலைவர்கள் எதிரே. எனக்கு வெற்றிக் கிண்ணம் வேண்டாம். எந்தக் கழகம் என்றாலும் பரவாயில்லை. சனிக்கிழமையில் நாலு பேர் வேண்டும். தைலம் பூசிக்கொண்டுதான் போயிருந்தேன். பெயர்கள் போய்ப் போய்க் கடைசியில் மூன்று பேர் மிஞ்சினோம். ஒரு தலைவர் என்னைப் பார்த்தார். பின் பொக்கற்றில் இருந்து பேப்பரை எடுத்தார். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்துச் சொன்னார், "மரம் வேண்டாமடாப்பா. எங்களிட்ட ஏற்கெனவே ரெண்டு நிக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். இடக்கால் பஸ்ஸுக்கு என்று எழுதப்பட்டவரும் சிரித்தார். அவரை எடுத்துவிட்டார்கள். கோபிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை நான் அவருக்குச் சிரித்தேன்தானே. சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

மூன்று, நாலு கிழமை போனது. ஒருநாள் கடை வாசலில் ஒருவர் இரண்டு சில்லுத் தள்ளுவண்டியில் இருந்து பேப்பர் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கம்பளித் தொப்பி. கைவிரல் எல்லாம் மை. கடைக்காரர் உள்ளே இருந்து, "விசிலார், மழைக்கு முன்னம் உள்ளுக்கை எடுங்கோ" என்றார்.

நான் போய் முன்னால் நின்றேன்.

"அண்ணை, நான்தான் மரம்."

அவர் கட்டைக் கீழே வைத்தார். கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார். அடிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

"தம்பி, நான் பாத்ததைத்தானே எழுதினனான். இனிப்பாய் எழுதினால் ஆர் வாசிக்கிறது?"

"எவ்வளவு நேரம் பாத்தனீங்கள்?"

அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "பத்து நிமிஷம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் மணித்தியாலத்துக்கு ஒண்டு. அதை விட்டால் வெள்ளிக்கிழமை போட்டு முடியாத கடைகளுக்குப் பேப்பர் போடேலாது."

எழுதுகிறவரும் அவர், சுமக்கிறவரும் அவர். எனக்கு அது தெரியாது. பேப்பரில் எழுதுகிறவர்கள் காரில் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"வாசிச்ச ஆக்கள் சிரிச்சவை அண்ணை. என்னை ஒருத்தரும் எடுக்கேல்லை."

மழை தூறத் தொடங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து கட்டுகளை உள்ளே வைத்தோம். பிறகு சொன்னார், "அடுத்த கிழமை நல்லதாய் ரெண்டு வரி போட்டுவிடட்டே?"

"வேண்டாம். வந்து முழுக்கப் பாருங்கோ. பிறகு என்னவெண்டாலும் எழுதுங்கோ."

என் வாழ்க்கையில் ஒருவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது குறைவு.

எங்கே வந்து பார்ப்பது? பெரிய மின்கம்பிகளுக்குக் கீழே ஒரு வெறும் நிலம் இருந்தது. ஞாயிறு காலையில் யார் வந்தாலும் சேர்ப்பார்கள். ஜமெய்க்காக்காரர், கயானாக்காரர், எடுபடாத தமிழர். இரண்டு கல்லை வைத்தால் அதுதான் கோல் போஸ்ட். விசிலார் வந்தார். குளிர் காற்று. வண்டியை மரத்தடியில் விட்டுவிட்டுக் கோட்டருகில் நின்றார். அவருடைய பஸ் ஒன்று போனது. எனக்கு அந்தப் பஸ்ஸைத் தெரியும், விளையாடிக்கொண்டே பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவதும் போனது.

முடிய வந்து ஃபிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"இடப்பக்கத்தால ஒருத்தனும் போகேல்லை" என்றார்.

"ஓம்."

"நீர் வாயைத் திறக்கிறேல்லை. பின்னுக்கு நிக்கிறவன் கத்த வேணும். கத்தினால்தான் முன்னுக்கு நிக்கிறவனுக்கு ஆள் இருக்கெண்டு தெரியும்."

இரண்டும் சரி. முதலாவதை இன்னொருமுறை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேப்பரை எடுத்தேன். விளையாட்டுப் பக்கம் இல்லை. புதிதாகத் திறந்த நகைக்கடையின் விளம்பரம் பக்கம் முழுக்க இருந்தது. பிறகு கண்டபோது, "எழுதிக் குடுத்தனான் தம்பி, விளம்பரத்துக்கெண்டு அதைத் தூக்கிப்போட்டாங்கள்" என்றார். என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் என்னை ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு முழங்கால் போய்விட்டது. சனிக்கிழமை கத்தரிக்காயோடே போனது.

இப்போது அந்தப் பேப்பர் இல்லை. பொது லிஸ்ட் இல்லை. ஊரைக் கேட்டால் பிள்ளைகள் ஸ்காபரோ என்கிறார்கள், அதுவும் சரிதான். கம்பிக்குக் கீழே உள்ள நிலத்துக்கு வேலி போட்டுவிட்டார்கள். பின்னுக்கு வரிசையாக டவுன்ஹவுஸ்.

நாலு வருஷத்துக்கு முன் கடைக் கண்ணாடியில் விசிலாரின் மரண அறிவித்தல் படத்தோடு ஒட்டியிருந்தது. கீழே அவருடைய உண்மைப் பெயர். அன்றுதான் அதை அறிந்தேன். கடைசிக் காலத்தில் விட்பியில் மகனோடு இருந்திருக்கிறார். பகல் ஒரு மணியில் இருந்து நாலு மணிவரை உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மூன்று பஸ் மாறிப் போனேன்.

ஆட்கள் வந்தார்கள். கைகூப்பி, பத்து நிமிஷம் கதிரையில் இருந்து, காரெடுத்துப் போனார்கள். அதுதான் வழக்கம். நான் ஒரு மணிக்குப் போனவன். பின்சுவரோடு, இடப்பக்கமாக நின்றேன். மூன்றரைக்குப் பிறகு மகன் வந்து, "அங்கிள், நீங்கள் அப்பாவோட வேர்க் பண்ணினீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"சொந்தமோ?"

"இல்லைத் தம்பி. உங்கட அப்பா ஒருநாள் என்ர மட்ச் முழுக்க நிண்டு பாத்தவர்."

"ஓ" என்றார். ஒன்றும் விளங்கியிருக்காது. தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் தந்துவிட்டு முன்னால் போனார். நாலு மணிக்கு மூடினார்கள்.

வெளியே வந்தபோது பஸ் போயிருந்தது. அடுத்ததற்கு ஒரு மணித்தியாலம். நிற்பது எனக்குப் புதிதில்லை.