கோப்பாயிலிருந்து வந்த போத்தல்கள்

பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியலாளனாகச் சேர்ந்த முதல் வருடத்திலேயே, யாழ்ப்பாணத்துக் கோப்பாய்க் கர்ப்பிணிகள்தான் உலகில் மிக ஆரோக்கியமானவர்கள் என்று கண்டுபிடித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுப்பகுதி அது. கொழும்பிலிருந்த என் பேராசிரியர் பாராட்டி, கட்டுரை எழுதச் சொல்லிக் கடிதம் போட்டார்.

எங்கள் ஆராய்ச்சி, வயிற்றுப் பிள்ளைக்கு உணவூட்டும் நச்சுக்கொடி பற்றியது. அது சரியாக வேலை செய்யாத கர்ப்பிணிக்கு உடம்பு வீங்கும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் வரும். கவனிக்காவிட்டால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போவார்கள். மருத்துவிச்சி வீடு வீடாகச் சிறுநீர்ப் போத்தல்களைச் சேர்த்துக் கொண்டுவருவார். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரிப் பின்னறையில் நான் சிறுநீரைக் கொதிக்கவைப்பேன். வெள்ளையாகக் கலங்கினால் அல்புமின். கோப்பாய்ப் போத்தல் ஒன்றுகூடக் கலங்கவில்லை.

கோப்பாயில் பூமணி என்ற பெண்ணுக்கு அப்போது எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. காலும் முகமும் வீங்கியிருக்கிறது, தலையிடி, கண் மங்குகிறது என்று மருத்துவிச்சி சொன்னார். அவளுடைய போத்தலோ தெளிவு. "குறையில்லை" என்று எழுதினேன்.

"ஐயா, நீங்கள் போத்தலைப் பாக்கிறியள். நான் பூமணியின்ரை முகத்தைப் பாத்திட்டு வாறன்" என்றார்.

விஞ்ஞானம் முகம் பார்த்துச் செய்யும் காரியமல்ல என்று அவருக்கு விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

அடுத்த கிழமை, புதிதாக வந்த சீனிச் சோதனைக் கரைசலை வீணாக்க மனமில்லாமல் பூமணியின் புதுப் போத்தல் நீரில் விட்டுச் சூடாக்கிப் பார்த்தேன். செங்கல் நிறமாயிற்று. இளம்பெண்ணின் நீரில் அவ்வளவு சீனியை நான் கண்டதில்லை. மருத்துவிச்சியுடன் பஸ் ஏறினேன்.

அவர்கள் வீட்டில் போத்தலை நீட்டினேன்; பூமணி நிலத்தைப் பார்த்தாள். "அம்மா, இது ஆற்றை சிறுநீர்?" என்று தாயைக் கேட்டேன்.

"என்ரைதான், தம்பி. வயித்துப்பிள்ளைக்காறியின்ரையை ஊர்வழிய அனுப்பேலுமே? ஆரும் அதை எடுத்துச் செய்வினை செய்துபோட்டால்? எனக்கென்ன, வயது போட்டுது."

"உங்களுக்கு நீரிழிவு இருக்குது."

"ஓம், அது கனகாலமாய் இருக்கு. அதையோ இவ்வளவு நாளும் தேடினனீங்கள்?"

பூமணியின் சொந்தச் சிறுநீரை அவர்களுடைய அடுப்பிலேயே கொதிக்கவைத்தேன். அவித்த முட்டை வெள்ளையைப் போல் கட்டிபட்டது. வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே வலிப்பு ஒரு தடவை வந்தது. மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. சிறிய பிள்ளை, ஆனால் அழுதது. பூமணியும் பிழைத்தாள். ஆராய்ச்சிக்கு நச்சுக்கொடி எனக்குக் கிடைக்கவில்லை. அது தங்கள் வீட்டு வளவில்தான் புதைக்கப்பட வேண்டும் என்று பூமணியின் தாய் கொண்டுபோய்விட்டார். நான் வாதாடவில்லை.

பிறகு மற்ற வீடுகளுக்கும் போனோம். போத்தல்களை நிரப்பியவர்கள் தாய்மார், மாமிமார், ஒரு வீட்டில் கிளாக்கர் வேலை பார்த்த புருஷன். அந்தக் கிளாக்கர் என் கர்ப்பிணிப் பதிவேட்டில் இரண்டு மாதமாக நல்ல சுகத்துடன் இருந்திருக்கிறார்.

நடந்ததைப் பேராசிரியருக்கு எழுதினேன். கட்டுரையை நிறுத்தத்தான் வேண்டுமா, தலைப்பை மட்டும் மாற்றினால் போதாதா என்று அவர் பதிலில் கேட்டிருந்தார்.

அதன்பின் என் பதிவேட்டில் மருத்துவிச்சி கண்டதை முதலில் எழுதினேன். சோதனை முடிவை அதற்குப் பக்கத்தில். இரண்டும் ஒத்துவராத நாட்களில் பஸ் ஏறினேன்.